மாரிக் கடலும் பாதியில் நின்ற நாவலும்

கார்த்திகை பிறந்தால் திருகோணமலை மாவட்டத்து இறக்கக்கண்டிக் கடலின் குணம் மாறிவிடும். வாடைக்காற்று எழும்பி, அலை மணலை அரிக்கத் தொடங்கும். படகுகளை மேட்டுக்கு இழுத்து வைத்துவிட்டு ஆட்கள் வலை பொத்த உட்காருவார்கள். நீர்கொழும்பு, சிலாபம் பக்கமிருந்து வந்து இந்தக் கரையோரம் வாடி போட்டிருந்தவர்கள் அதற்கு முன்பே மூட்டை கட்டியிருப்பார்கள். பக்கத்து நிலாவெளி விடுதிகளிலும் சீசன் முடிந்து கூட்டம் வடிந்திருக்கும். மாசி வரைக்கும் ஊரின் கையில் மிஞ்சுவது மழையும் நேரமும்தான்.

இந்த மாரியில் ஒரு நாவலின் முதல் வரைவை எழுதி முடித்துவிடலாம். கணக்கு எளிது. நாளொன்றுக்கு 500 சொல் எழுதினால் 90 நாளில் 45,000 சொல். அச்சில் ஏறத்தாழ 200 பக்கம். கோடு போட்ட பாடசாலைக் கொப்பியில் தினமும் நாலைந்து பக்கம் நிரப்பினால் போதும்.

கதைக்கும் இந்தக் கரையில் பஞ்சமில்லை. 2004 டிசம்பர் 26 காலையில் கடல் ஊருக்குள் வந்ததைக் கண்ட கண்கள் இங்கே இருக்கின்றன. இடம்பெயர்ந்து முகாமுக்குப் போய், திரும்பி வந்து, மறுபடி இடம்பெயர்ந்த குடும்பங்கள் இருக்கின்றன. பிள்ளைகளை உம்மம்மாவிடம் விட்டுவிட்டு வளைகுடா நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போன தாய்மார் இருக்கிறார்கள். குச்சவெளி உப்பளம், புல்மோட்டையில் கனிய மணல் அள்ளும் ஆலை, ஒரே கடலில் வலை போடும் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் என்று நிலாவெளியிலிருந்து வடக்கே போகும் வீதி நெடுக நாவல்கள் கிடக்கின்றன.

அப்படியிருந்தும் எழுதத் தொடங்கப்படும் நாவல்களில் எத்தனை முடிகின்றன? நாவல் எழுத உட்காரும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். முதல் அத்தியாயம் ஒரு வாரத்தில் ஓடி வந்துவிடும். இரண்டாவதும் வரும். மூன்றாவதில், தான் அண்மையில் படித்த நல்ல நாவலொன்றின் பக்கத்தில் தன் கொப்பியை வைத்துப் பார்ப்பார். அச்சுக்குப் போய், பலமுறை திருத்தப்பட்டு வந்த புத்தகத்துக்கு முன்னால் நேற்றிரவு எழுதிய பக்கம் மெலிந்துதான் தெரியும். உடனே முதல் அத்தியாயத்துக்குத் திரும்பி, அதைத் திருத்தத் தொடங்குவார். நாலாம் தடவை திருத்தும்போது கதை அவருக்கே சலித்திருக்கும். முப்பதாம் பக்கத்தோடு கொப்பி அலுமாரிக்குள் போகும். யாரும் கேட்கமாட்டார்கள், ஏனென்றால் யாருக்கும் தெரியாது.

இந்த நிலைக்குப் பொதுவாகச் சொல்லப்படும் மருந்து மன உறுதி. நம்பிக்கை வை, சோம்பலை விடு, தினமும் உட்கார் என்று புத்தி சொல்வார்கள். அதில் பிழை இல்லை. ஆனால், தமிழ் நாவல்கள் எப்படி எழுதி முடிக்கப்பட்டன என்று பின்னோக்கிப் பார்த்தால் வேறொரு செய்தி கிடைக்கிறது. முதல் வரைவை முடிக்கவைக்கும் உந்துதலில் பெரும்பங்கு எழுதுபவரின் நெஞ்சுக்கு வெளியிலிருந்தே வந்திருக்கிறது. அடுத்த அத்தியாயத்துக்காக யாரோ ஒருவர் காத்திருந்திருக்கிறார்.

திருகோணமலைக்காரருக்கு நாவல் புதிதல்ல. இலங்கையின் தொடக்ககாலத் தமிழ் நாவல்களில் ஒன்றான 'ஊசோன் பாலந்தை கதை'யை 1891இல் தந்த எஸ். இன்னாசித்தம்பி இந்த ஊர்க்காரர். தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று ஆய்வாளர்கள் சொல்லும் 'மோகனாங்கி'யை 1895இல் வெளியிட்ட தி. த. சரவணமுத்துப்பிள்ளையும் இங்கே பிறந்தவர்தான். முப்பது வயதளவில், சென்னையில் நூலகப் பணியில் இருந்துகொண்டு, நாயக்கர் காலக் கதையை எழுதினார். தமிழின் முதல் நாவலான வேதநாயகம்பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சாகி அப்போது 16 ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன. வரலாற்று நாவல் என்றால் தமிழில் எப்படி இருக்க வேண்டும் என்று காட்ட முன்மாதிரி ஒன்றுகூட இல்லை. பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு மனம் உடைய ஒரு புத்தகம் இல்லாதது அவருக்கு ஒரு வகையில் உதவியாகவும் இருந்திருக்கலாம்.

பிறகு மூதூரில் வ. அ. இராசரத்தினம் வந்தார். பாடசாலையில் படிப்பித்துக்கொண்டே எழுதியவர். 'தோணி' சிறுகதைத் தொகுதியால் பெரிதும் அறியப்பட்டாலும், 'கொழுகொம்பு', 'துறைக்காரன்', 'கிரௌஞ்சப் பறவைகள்', 'ஒரு வெண்மணற் கிராமம் காத்துக்கொண்டிருக்கிறது' என்று பல பத்தாண்டுகளுக்கு நாவலும் எழுதிக்கொண்டே இருந்தார். திருகோணமலை நகரில் ந. பாலேஸ்வரி பெண் எழுத்தாளர்கள் அரிதாக இருந்த காலத்திலேயே நாவலுக்கு வந்து, அதில் நிலைத்தும் நின்றார். இவர்கள் தலைமுறைக்கு வாய்த்த ஒரு வசதி இன்றைக்கு இல்லை. கதை அனுப்பினால் போடுவதற்கு வார மலர்கள் இருந்தன; தொடர்கதை கேட்கும் ஆசிரியர்கள் இருந்தார்கள். எழுபதுகளில் வீரகேசரிப் பிரசுரம் மலிவு விலையில் நாவல்களை அடுத்தடுத்து வெளியிட்டு, ஈழத்து எழுத்தாளர்களின் கையெழுத்துப் பிரதிகளுக்கு ஒரு போக்கிடம் காட்டியது.

தொடர்கதையை மட்டமாகப் பேசுவது ஒரு வழக்கமாகிவிட்டது. இலக்கியத் தரம் பற்றிய குறை நியாயமானதாகவே இருக்கலாம். ஆனால், முதல் வரைவை முடிக்கவைக்கும் ஏற்பாடு என்ற வகையில் அதற்கு ஈடானது தமிழில் இன்னும் வரவில்லை. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபரிலிருந்து 1954 மே வரை மூன்றரை ஆண்டு வாரந்தோறும் வந்தது. கல்கிக்கு உடம்பு சுகமில்லாத வாரங்கள், மனம் ஓடாத வாரங்கள் இருந்திருக்கும். அச்சுக்கூடமும் வாசகரும் காத்திருந்ததால் அந்த வாரங்களும் எழுதப்பட்டன. ஜெயமோகனின் 'வெண்முரசு' 2014 ஜனவரி முதல் நாள் தொடங்கி 2020 ஜூலை வரை இணையத்தில் நாள்தோறும் வெளிவந்து 26 நாவல்களாக நிறைந்தது. காகிதம் போய்த் திரை வந்தாலும், விடிந்ததும் அடுத்த பகுதியைத் தேடும் வாசகர் அப்படியே இருந்தார்.

காத்திருப்பு அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கும் தமிழில் சாட்சி உண்டு. சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' ஐம்பதுகளின் கடைசியில் 'சரஸ்வதி' இதழில் தொடராகத் தொடங்கியது. தொடர் இடையில் நின்றுபோனது. புத்தகமாக நாவல் முழுமையாக வெளிவந்தது 1966இல். இன்று தமிழின் சிறந்த நாவல்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் இடம்பெறும் ஒரு படைப்பு, கேட்பவர் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் பாதியில் கிடந்திருக்கிறது. அது முடிந்தது நமது அதிர்ஷ்டம்.

ப. சிங்காரத்தின் கதை இன்னும் வலிக்கிறது. மதுரையில் நாளிதழ் ஒன்றில் வேலை பார்த்தபடி, விடுதி அறையில் தனியாக வாழ்ந்தவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்துத் தென்கிழக்காசியாவைக் கண்ணால் கண்டவர். 1962 அளவில் எழுதிய 'புயலிலே ஒரு தோணி' நூலாக வருவதற்குப் பத்து ஆண்டுகள் பிடித்தன. தனிமையிலும் மகத்தான முதல் வரைவு பிறக்கும் என்பதற்கு அவரே சான்று. அதை மறுக்க முடியாது. ஆனால், 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி' என்ற இரண்டோடு அவர் நாவல் நின்றுவிட்டது. மூன்றாவது நாவலை அவரிடம் உரிய காலத்தில் யாராவது விடாமல் கேட்டிருந்தால் என்ற எண்ணம் அவரைப் படித்தவர்களை விடுவதில்லை.

இறக்கக்கண்டிக்கு மிக நெருக்கமான முன்னோடி கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். குமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்த தோப்பில் முஹம்மது மீரான் மலையாளத்தில் படித்தவர். வீட்டில் தமிழ் பேசினார். தமிழ் எழுத்து கைக்கு ஓடவில்லை. அதற்காக அவர் காத்திருக்கவில்லை. தன் ஊர் முஸ்லிம்கள் பேசும் தமிழை மலையாள எழுத்தில் எழுதினார். பிறர் அதைத் தமிழ் எழுத்துக்கு மாற்றிக்கொடுத்தார்கள். திருநெல்வேலியில் மிளகாய் வற்றல் வியாபாரம் நடத்திக்கொண்டே எழுதிய மனிதர் அவர். 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988இல் நூலானது. 1997இல் 'சாய்வு நாற்காலி'க்குச் சாகித்திய அக்காதெமி விருது கிடைத்தது.

மீரானின் கையெழுத்துப் பிரதியைக் கொஞ்சம் கண்முன் கொண்டுவந்து பார்க்க வேண்டும். சொல் தமிழ், எழுத்து மலையாளம். தமிழ் வாத்தியார் எவரும் புள்ளி போடமுடியாத ஒரு பக்கம். எழுத்துப்பிழை, சந்திப்பிழை, கல்லூரித் தமிழ் வராத கூச்சம் இவற்றால் பேனாவைக் கீழே வைக்கும் ஒவ்வொருவரும் அந்தப் பக்கத்தை நினைத்துக்கொள்ளலாம். முதல் வரைவு எழுதுபவருக்கு விளங்கினால் போதும். பிறருக்கு விளங்கவைக்கும் வேலைக்கு இரண்டாம் வரைவு இருக்கிறது, உதவிக்கு மனிதர்கள் இருக்கிறார்கள். 'வாப்பா வள்ளத்தைத் தள்ளினார்' என்று எழுதிவிட்டு, 'வள்ளம்' சரியா, 'தோணி' சரியா என்று அகராதி புரட்ட ஒரு மாலையைச் செலவிடுவது முதல் வரைவில் வீண். ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு வள்ளத்தை நகர விடவேண்டும்.

ஒழுங்குக்கு உலகம் முழுவதும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் ஆள் ஆங்கில நாவலாசிரியர் அந்தனி டிரோலப். தபால் திணைக்களத்தில் உத்தியோகம். அலுவலகம் போகுமுன், மேசையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 சொல் என்று எழுதுவார். எழுதிய பக்கக் கணக்கை நாளேட்டில் குறித்துவைப்பார். இவ்வளவையும் சொல்பவர்கள், அவரே தன்வரலாற்றில் எழுதியுள்ள இன்னொரு செய்தியை விட்டுவிடுகிறார்கள். விடியற்காலை ஐந்தரைக்கு மேசையில் இருக்கும்படி, காப்பியோடு வந்து தன்னை எழுப்புவதற்காக ஒரு வேலையாளுக்கு ஆண்டுக்கு ஐந்து பவுண் கூடுதலாகக் கொடுத்தார். தான் எழுதியவற்றுக்கு வேறு யாரையும்விட அந்த ஆளுக்கே அதிகம் கடமைப்பட்டிருப்பதாகவும் ஒப்புக்கொண்டார். இரும்பு மனிதர் என்று பெயரெடுத்த எழுத்தாளருக்கும் கதவைத் தட்ட ஒருவர் தேவைப்பட்டார்.

எல்லாவற்றையும்விட மனதைத் தொடுவது இந்தோனேசிய எழுத்தாளர் பிரமுதியா அனந்த தூரின் அனுபவம். 1965இல் அவரைக் கைதுசெய்தபோது அவருடைய நூலகமும் கையெழுத்துப் பிரதிகளும் அழிக்கப்பட்டன. யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை அறிந்தவர்களுக்கு அந்த இழப்பை விளக்கத் தேவையில்லை. விசாரணை எதுவும் இல்லாமல் புரு தீவுக்கு அனுப்பப்பட்டு, அங்கே பத்தாண்டு கிடந்தார். தொடக்கத்தில் எழுதக் காகிதம் கிடையாது. ஆகவே, மனதில் இருந்த நாவலைச் சக கைதிகளுக்கு வாயால் சொன்னார். பகல் முழுவதும் காட்டிலும் வயலிலும் வேலை செய்து களைத்தவர்கள் கதையைக் கேட்டார்கள்; மறுநாள் மிச்சத்தையும் கேட்டார்கள். எழுத அனுமதி கிடைத்தபோது நாவல் ஏற்கெனவே பலர் காதில் ஏறியிருந்தது. அது 'பூமி மனுசியா' என்ற பெயரில் 1980இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே அரசு அதைத் தடைசெய்தது. நால்வரிசை நாவலின் முதல் நூல் அது.

இறக்கக்கண்டிக் கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பவருக்கு, கூட இருப்பவர்கள் தரும் இந்தத் தெம்பு புதிராக இராது. தோணி வலையை வளைத்துப் போட்டுவிட்டு வந்ததும் இரண்டு பக்கக் கயிற்றிலும் ஆட்கள் நின்று இழுப்பார்கள். பின்னால் அடிவைத்து மணலில் ஏறுவார்கள். கடைசி ஆள் கயிற்றை விட்டுவிட்டுத் தண்ணீரோரம் இறங்கி, மறுபடி முன்னால் பிடிப்பார். இப்படியே மணிக்கணக்கில் போகும். மடி கரைக்கு வரும்வரை அதற்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. அம்பாப் பாட்டு அந்த நேரத்துக்கென்றே பிறந்தது. ஒருவர் எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். பாட்டால் கயிற்றின் பாரம் குறைவதில்லை. ஆனால், பக்கத்தில் இன்னொருவர் இழுத்துக்கொண்டிருக்கிறார் என்பது கைக்குத் தெரியும்.

அமெரிக்காவில் 1999இல் தொடங்கிய நவம்பர் மாத நாவல் இயக்கம் இதே அறிவில் நின்றதுதான். முப்பது நாளில் 50,000 சொல் என்ற இலக்கைப் பலர் ஒரே நேரத்தில் ஏற்றார்கள். அமைப்பு ரீதியான சிக்கல்களால் அது 2025இல் மூடப்பட்டுவிட்டது. ஆனால், தன்னைப் போல இன்னொருவரும் இன்றிரவு அதே இடத்தில் திணறுகிறார் என்ற தெம்பை அது ஒரு தலைமுறைக்குக் கொடுத்தது. நவம்பர் என்பது இந்தக் கரையில் கடல் மூடும் மாதம்.

இங்கே ஒரு ஆட்சேபம் எழும். பாதி எழுதியதைப் பிறரிடம் காட்டினால் அவர்கள் சொல்லும் ஒரு சொல்லில் எழுத்து நின்றுவிடாதா? நிற்கும். மூன்றாம் அத்தியாயத்தில் இருப்பவரிடம் 'பாத்திரப் படைப்பு பலவீனம்' என்று சொல்வது முளையைப் பிடுங்கி வேரைப் பார்ப்பது போன்றது. கைதட்டலும் ஆபத்தானது, கைதட்டல் வந்த இடத்திலேயே கதை சுற்றத் தொடங்கிவிடும். எனவே, முதல் வரைவைக் கேட்பவருக்கு ஒரு கட்டுப்பாடு வேண்டும். அவர் ஒரே ஒரு கேள்வியைக் கேட்கலாம்: 'பிறகென்ன நடந்த?' விமர்சனத்துக்கு முடிந்த பிரதி வரும்வரை பொறுக்க வேண்டும். புருவில் அந்தக் கைதிகள் கேட்டதும் இதைத்தான் என்று ஊகிக்கலாம். வலைத்தளத்தில் விழும் விருப்பக்குறி இந்தக் கேள்விக்கு ஈடாகாது. விருப்பக்குறி இட்டவர் அடுத்த நொடியில் வேறெங்கோ போய்விடுவார். கேள்வி கேட்டவர் அடுத்த சனிக்கிழமையும் வந்து உட்காருவார்.

நம் நாட்டில் எழுத்தாளருக்குக் கிடைக்கும் ஆதரவு பெரும்பாலும் கடைசிப் படியில்தான் நிற்கிறது. அரச சாகித்திய விருது அச்சான நூலுக்கு. ஊர் வெளியீட்டு விழாவில் பொன்னாடை அச்சான நூலுக்கு. ஆங்கிலத்தில் எழுதும் இலங்கையருக்கு மைக்கல் ஒன்டாச்சி ஏற்படுத்திய கிரேஷியன் பரிசு கையெழுத்துப் பிரதியையும் ஏற்கிறது. அதுவும் எழுதி முடித்த பிரதியைத்தான். முப்பதாம் பக்கத்துக்கும் இருநூறாம் பக்கத்துக்கும் இடையில் நடந்துகொண்டிருப்பவருக்கு ஒரு குவளை தேநீர் நீட்டக்கூட ஆள் இல்லை. நாவல்கள் சாவது அந்த இடைவெளியில்தான்.

அதை நிரப்பப் பெரிய பணம் வேண்டியதில்லை. நவம்பர் தொடக்கம் ஜனவரி முடியும் வரை குறைந்தது 13 சனிக்கிழமைகள் வருகின்றன. பிரதேச செயலகங்களில் கலாசார உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். பொது நூலகங்களில் மேசையும் மின்விளக்கும் இருக்கின்றன. நூலகம் எட்டாத ஊரில் சனசமூக நிலையமோ பாடசாலை வகுப்பறையோ போதும். நாலைந்து பேர் தங்கள் கொப்பிகளோடு வந்து, அந்த வாரம் எழுதியதில் பத்து நிமிடம் வாசிக்க வேண்டும். எழுதாமல் வந்தவர் திட்டு வாங்கக்கூடாது. கதை எங்கே நிற்கிறது என்று வாயால் சொல்லிவிட்டுப் போகலாம். வாசிக்க வெட்கப்படுபவருக்காக இன்னொருவர் வாசிக்கலாம். எழுத்துக் கூட்டத் திணறும் ஒரு முதிய மீனவர் சொல்லச் சொல்ல, உயர்தரம் படிக்கும் பேத்தி எழுதிக்கொடுக்கலாம். மீரானுக்குச் செய்தார்கள், நமக்குச் செய்ய முடியாதா?

பெண்களுக்கு இதில் தனிக் கவனம் வேண்டும். கடல் மூடினால் ஆணுக்கு ஓய்வு. அடுப்புக்கு ஓய்வு இல்லை. ஆண்கள் வீட்டிலிருக்கும் மாரியில் வீட்டுப் பெண்ணின் வேலை கூடத்தான் செய்கிறது. ஒரு தாய் நாவல் எழுத வேண்டுமென்றால், சனிக்கிழமை பின்னேரம் இரண்டு மணி நேரம் வீட்டில் உள்ள மற்றவர்கள் பிள்ளைகளையும் பானையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் வரைவுக்கு வீட்டார் கொடுக்கக்கூடிய பரிசு அதுதான். பாலேஸ்வரிக்குப் பிறகு திருகோணமலையில் எத்தனை பெண் நாவலாசிரியர்கள் வந்திருக்க வேண்டும் என்று யோசித்தால், அந்த இரண்டு மணி நேரத்தின் விலை விளங்கும்.

கூட்டத்தில் வாசிக்கப்படுபவை எல்லாம் நாவலாகிவிடப்போவதில்லை. சிலர் ஐந்தாம் வாரம் வராமல் போவார்கள். சிலருடைய கதை சிறுகதையாகச் சுருங்கும். ஐந்து கொப்பியில் ஒன்று கடைசிப் பக்கத்துக்குப் போனாலும் இந்த மாவட்டத்துக்கு ஆண்டுக்கு ஒரு நாவல் கையெழுத்துப் பிரதி கிடைக்கும்.

மாசியில் காற்றுத் தணிந்து படகுகள் மறுபடி தண்ணீரில் இறங்கும். அப்போது இறக்கக்கண்டிப் பாலத்தடியிலோ தேநீர்க் கடை வாங்கிலோ வைத்து யாராவது ஒருவர் இன்னொருவரை மறிக்க வேண்டும். போன கிழமை முகாமில் அந்தப் பிள்ளை தொலைந்த இடத்தில் நிறுத்தினீர்களே, அவள் கிடைத்தாளா இல்லையா என்று கேட்க வேண்டும். கேட்கப்பட்டவர் இன்னும் எழுதவில்லை என்று தலையைச் சொறிந்தாலும் பரவாயில்லை. அன்றிரவு அவர் வீட்டு விளக்கு கொஞ்சம் பிந்தித்தான் அணையும்.